‘தானா கழண்டுச்சு சார்!’ – நிறுத்திய ரேக்கில் கைபிரேக் தளர்ந்தால் எங்கே பார்ப்பது

வேகன் நகர்ந்துவிட்டது என்று தகவல் வந்து போய் நின்றால், முதலில் காதில் விழுவது இதுதான்: "நல்லாத்தான் இறுக்கினோம், தானா கழண்டுச்சு சார்." தஞ்சாவூர், நீடாமங்கலம், திருவாரூர், நாகப்பட்டினம் என்று வேகன் பழுது பார்க்கும் வேலையில் காலம் தள்ளியவன் நான். உண்மையிலேயே தானாகக் கழன்ற கைபிரேக்குகளை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம். மற்றவை எல்லாம் பிடிக்கவே பிடிக்காதவை, பிடித்தது போலக் காட்டியவை, இல்லை யாரோ கை வைத்தவை.

நம் பக்கம் இன்னொரு நம்பிக்கையும் உண்டு. இங்கே தண்ணீரே வழி கேட்டுத்தான் ஓடும், வேகனா ஓடப்போகிறது என்பார்கள். டெல்டா சமதளம்தான். ஆனால் தண்டவாளம் வெண்ணாற்றையும் வெட்டாற்றையும் அரசலாற்றையும் கரைக்கு மேல் ஏறித்தானே தாண்ட வேண்டும்? ஸ்டேஷன் யார்டுகளில் 400-க்கு 1 வரை சாய்வு இருக்கலாம் என்கிறது விதி. புதிதாகப் போடும்போது 1200-க்கு 1 இருந்தால் நல்லது. 400 மீட்டருக்கு ஒரு மீட்டர் இறக்கம் எந்தக் கண்ணுக்கும் தெரியாது. ஆனால் 42 வேகனில் 2000 டன் நெல் ஏற்றிய ரேக்கை, அதாவது ஒன்றாகக் கோத்த வேகன் வரிசையை, எடுத்துக்கொள்ளுங்கள். வேகன்களின் சொந்த எடையும் சேர்ந்தால் 3000 டன். 400-க்கு 1 சாய்வில் அதை இறக்கத்தை நோக்கி இழுக்கும் விசை ஏழரை டன். 1200-க்கு 1-இலும் இரண்டரை டன். எண்ணெய்த் துணி அடைத்த அச்சுப்பெட்டிக் காலத்து வேகன் கொஞ்சம் முரண்டு பிடித்து நிற்கும். இப்போது எல்லாம் ரோலர் பேரிங். அசைந்துவிட்டால் ஓட்டம்தான்.

கீழே அறிகுறிவாரியாகச் சொல்கிறேன். அதற்கு முன் ஒரே ஒரு விஷயம். எந்த அறிகுறியானாலும் முதல் வேலை ஸ்டேஷன் மாஸ்டருக்குச் சொல்வது. இரண்டாவது, நிற்கும் சக்கரத்தின் இருபுறமும் ஆப்புக்கட்டை. அதற்குப் பிறகுதான் வேகனுக்கு அடியில் தலையை நீட்ட வேண்டும். ஓடத் தொடங்கிவிட்ட சக்கரத்துக்கு முன்னால் கட்டை வைக்கிறேன் என்று கையை நீட்டுகிறவரை நான் திட்டாமல் விட்டதில்லை.

கைச்சக்கரம் கல்லாக இறுகிவிட்டது, ஆனாலும் வேகன் அசைகிறது

அதிகம் வருவது இதுதான், ஏமாற்றுவதும் இதுதான். கைச்சக்கரம் இறுகுவது உங்கள் கைக்குத் தெரிகிறது. ஆனால் அந்த இறுக்கம் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று கைக்குத் தெரியாது. கைச்சக்கரத்திலிருந்து திருகோ பல்சக்கரமோ, அங்கிருந்து கம்பி அல்லது சங்கிலி, அடுத்து வேகனுக்கு அடியில் படுத்திருக்கும் லீவர், இழுவைக் கம்பி, சக்கரங்களைத் தாங்கும் சட்டமான போகி, அதிலுள்ள பிரேக் பீம், கடைசியில் சக்கரத்தை அழுத்தும் பிரேக் பிளாக் என்று வழி நீளமானது. இடையில் எங்கே துரு பிடித்திருந்தாலும், சங்கிலி மடங்கிச் சிக்கியிருந்தாலும், ஒரு பின் வளைந்திருந்தாலும், நீங்கள் அந்த இடத்தைத்தான் இறுக்குகிறீர்கள். பிரேக் பிளாக்குக்குச் செய்தியே போயிருக்காது.

அதனால் கைச்சக்கரத்தை நம்ப வேண்டாம், பிளாக்கைப் பாருங்கள். என்னிடம் பழைய அட்டை டிக்கெட் ஒன்று எப்போதும் சட்டைப்பையில் இருக்கும். ஆப்பு வைத்த பிறகு, பிளாக்குக்கும் சக்கரத்துக்கும் நடுவே அதைச் செருகிப் பார்ப்பேன். நுழைந்தால் பிரேக் இல்லை, பேச்சே வேண்டாம். நுழையாவிட்டால் சுத்தியலால் பிளாக்கை லேசாகத் தட்டுங்கள். கடித்துக்கொண்டிருக்கும் பிளாக் மொத்தையாகச் சத்தம் கொடுக்கும், சும்மா ஒட்டிக்கொண்டிருப்பது கடகடக்கும். பழைய அமைப்பு வேகனில் எட்டுச் சக்கரத்தையும் பார்க்க வேண்டும். பிரேக் சிலிண்டரே போகியில் உட்கார்ந்திருக்கும் புதிய வேகன்களில், கைபிரேக் எந்தப் போகியோடு இணைந்திருக்கிறதோ அதைப் பாருங்கள்.

பிளாக் கடிக்கவில்லை என்றால் பின்னோக்கி வாருங்கள். ஒருவர் கைச்சக்கரத்தைச் சுற்றட்டும், நீங்கள் பக்கத்தில் குனிந்து பாருங்கள். சங்கிலி நகர்கிறதா? லீவர் திரும்புகிறதா? இழுவைக் கம்பி வருகிறதா? எந்த இடத்தில் அசைவு நிற்கிறதோ அங்கேதான் கோளாறு. நாகப்பட்டினம், காரைக்கால் பக்கம் நிற்கும் ரேக்கில் இது பெரும்பாலும் உப்புக்காற்றுத் துருவாக இருக்கும். துறைமுகத்திலிருந்து நிலக்கரி ஏற்றும் வேகனில் துருவோடு கரித்தூளும் சேர்ந்து பசை போல இறுகியிருக்கும். நெல் ரேக்கில் வேறு கதை. சிந்திய நெல்லும் உமியும் கைபிரேக்கின் மூடிக்குள் போய், பனியில் ஊறி, வெயிலில் காய்ந்து, அடைத்துக்கொண்டிருக்கும். ஒருமுறை மூடியைத் திறந்தபோது உள்ளே நெல் முளை விட்டிருந்தது. சம்பா நாற்றங்கால் என்று பையன்கள் சிரித்தார்கள்.

கம்பியெல்லாம் ஒழுங்காக நகர்ந்தும் பிளாக் எட்டவில்லை என்றால் சந்தேகம் ஸ்லாக் அட்ஜஸ்டர் பக்கம் போக வேண்டும். பிளாக் தேயத் தேய இடைவெளியைத் தானாக ஈடுகட்ட வேண்டியது அது. வேலை செய்யாவிட்டால் கைச்சக்கரத்தின் சுற்றுகள் தீர்ந்துபோகும், பிளாக் மட்டும் தூரத்திலேயே நிற்கும். காற்றுபிரேக்கிலும் இது தெரியும். பாக்ஸ்என் என்னும் திறந்த வேகனில், பிரேக் சிலிண்டரின் பிஸ்டன் வெளியே நீளும் தூரம் (பிஸ்டன் ஓட்டம்) காலியாக இருக்கும்போது 85 மி.மீ., லோடில் 130 மி.மீ., இரண்டிலும் பத்து மி.மீ. கூடக் குறைய இருக்கலாம். அதைத் தாண்டி நீண்டால் கைபிரேக்கைக் குறை சொல்லிப் பயனில்லை. அட்ஜஸ்டரைப் பாருங்கள், தேய்ந்த பிளாக்கை மாற்றுங்கள். அதுவரை அந்த வேகனைக் கைபிரேக் கணக்கில் சேர்க்காமல் அடுத்த வேகனில் போடுங்கள்.

ராத்திரி இறுக்கமாக இருந்தது, காலையில் தளர்ந்திருக்கிறது

"பேய் கழற்றிவிட்டது" வகை. பேயின் பெயர் காற்று.

எஞ்சினைக் கழற்றும்போது, ரேக் முழுக்க ஓடும் காற்றுக் குழாயான பிரேக் பைப்பில் இருந்த 5 கிலோ (சதுர செ.மீ.க்கு) அழுத்தம் போய்விடும். உடனே ஒவ்வொரு வேகனும் தன் தொட்டியில் சேமித்த காற்றால், சிலிண்டரில் 3.8 கிலோ அழுத்தம் ஏறிப் பிளாக்கைச் சக்கரத்தோடு அழுத்தும். ரேக் அசையாமல் நிற்கும். பாயிண்ட்ஸ்மேன் (வண்டியை மாட்டிக் கழற்றும் ஸ்டேஷன் ஊழியர்) அப்போது போய்க் கைச்சக்கரத்தைச் சுற்றினால், ஏற்கெனவே காற்று எல்லாவற்றையும் இழுத்துப் பிடித்திருப்பதால் பிளாக் கடித்தே இருக்கும். அட்டை டிக்கெட் சோதனையிலும் தேறிவிடும். சங்கிலியில் பாதித் தொய்வு இருக்கும்போதே "போதும்" என்று கையை எடுத்துவிடுவார்.

காற்றோ நிற்காது. சோதனைப்படி சிலிண்டர் கசிவு ஐந்து நிமிடத்துக்கு 0.1 கிலோ வரை இருக்கலாம். அதாவது சோதனையில் தேறிய நல்ல வேகனே அந்த வேகத்தில் கசிந்தால் 3.8 கிலோவும் மூன்று மணி நேரத்தில் காலி. இராத்திரி பதினோரு மணிக்கு நிறுத்திய ரேக்கில், இரண்டு மணிக்குக் காற்றும் இல்லாமல் பாதித் தொய்வுச் சங்கிலி மட்டும் மிஞ்சியிருக்கலாம். யாரும் எதையும் கழற்றவில்லை. காற்று பிடித்ததைக் கைபிரேக் பிடித்ததாக நினைத்துக்கொண்டோம், அவ்வளவுதான்.

2013 ஜூலை 6-ஆம் தேதி கனடாவின் லாக்-மெகாந்திக் ஊரில் 47 பேர் இறந்த விபத்தின் வேரும் இதுதான். கச்சா எண்ணெய் ஏற்றிய ரயிலைச் சரிவில் நிறுத்தியவர் சில கைபிரேக்குகளைப் போட்டார், நிற்கிறதா என்று இழுத்தும் பார்த்தார். ஆனால் சோதிக்கும்போது எஞ்சினின் காற்றுபிரேக் பிடித்துக்கொண்டிருந்தது. பிறகு எஞ்சினில் தீ, அதை அணைக்க எஞ்சின் நிறுத்தம். காற்று மெல்லக் கசிந்தது. ரயில் இறங்கி ஊருக்குள் போய்விட்டது.

எனவே சோதனையின் வரிசை முக்கியம். எஞ்சின் இன்னும் மாட்டியிருக்கும்போதே கைபிரேக்குகளைப் போடுங்கள். பிறகு லோக்கோ பைலட்டிடம் சொல்லி வேகனின் காற்றுபிரேக்கையும் எஞ்சினின் பிரேக்கையும் விடச் சொல்லுங்கள். கைபிரேக் மட்டும் ரேக்கைத் தாங்குகிறதா என்று சில நிமிடம் நின்று பாருங்கள். தாங்கினால் மறுபடி காற்றுபிரேக் போட்டு எஞ்சினைக் கழற்றலாம். அவசரத்தில் எஞ்சின் போயே விட்டது என்றால், இரண்டு மூன்று மணி நேரம் கழித்து ஒரு நடை போய் ஒவ்வொரு கைச்சக்கரத்தையும் மறுபடி இறுக்குங்கள். அந்த இரண்டாவது நடையைத்தான் யாரும் போவதில்லை. மார்கழிப் பனியில் யாருக்கு மனம் வரும்? எனக்கும் வந்ததில்லை, போய்த்தான் ஆக வேண்டும்.

கையை எடுத்ததும் கைச்சக்கரம் சர்ரென்று திரும்பிவிடுகிறது

இது பல்சக்கர வகைக் கைபிரேக்கில் மட்டும் வரும். ஒரு பல்சக்கரம், அதன் பல்லில் விழுந்து பின்னுக்குத் திரும்பாமல் தடுக்கும் ஒரு இரும்பு நாக்கு. கிணற்றில் நீர் இறைக்கும் உருளையில் பார்த்திருப்பீர்களே, அதே தத்துவம். இதில் ஒரு குணம்: பிடித்தால் முழுசாகப் பிடிக்கும், விட்டால் ஒரே நொடியில் முழுசாக விடும்.

நாக்கு பல்லின் அடிவரை போய் உட்கார வேண்டும். பல்லின் நுனியில் தொற்றிக்கொண்டு நின்றாலும் கைக்கு இறுக்கமாகத்தான் தெரியும். பக்கத்து லைனில் ஒரு வண்டி போகும் அதிர்வோ, ஷண்டிங்கில் (வேகன்களைப் பிரித்துச் சேர்க்கும்போது) ஒரு இடியோ போதும், நழுவிவிடும். கடைசிச் சுற்றில் ‘டக்’ என்ற சத்தம் கேட்டதும் கையை எடுக்காமல் ஒரு பல் கூடுதலாக இழுத்து, பிறகு மெதுவாகப் பின்னுக்கு விட்டு உட்கார வையுங்கள். நாக்கைக் கண்ணால் பாருங்கள், இரவென்றால் டார்ச் அடித்துப் பாருங்கள்.

அடிக்கடி நழுவினால் பல் நுனி மழுங்கியிருக்கும், அல்லது நாக்கின் பின் தளர்ந்து ஆடும், அல்லது பெயிண்ட் அடித்தவர் நாக்கின் கீலிலும் சேர்த்து அடித்திருப்பார். கடைசியானது சிரிப்பாக இருக்கும், ஆனால் பார்த்திருக்கிறேன். நாக்கு நழுவும்போது கம்பியால் கட்டி நிறுத்துவதை வழக்கமாக்கிவிடாதீர்கள். அந்த வேகன் பழுது அட்டை ஒட்டிப் பட்டறைக்குப் போக வேண்டியது.

ரயிலின் கடைசியில் மாட்டும் பிரேக் வேனில் இருப்பது திருகு வகை. இது சர்ரென்று விடாது. திருகின் மரை உராய்வால் தானே பூட்டிக்கொள்ளும். ஆனால் அதிர அதிர, கால் சுற்று அரைச் சுற்று என்று பின்னுக்கு நகரலாம். மரையில் கிரீஸை அள்ளிப் பூசியிருந்தால் இன்னும் சுலபமாக நகரும். ஷண்டிங் முடிந்ததும் ஒருமுறை போய்த் திருப்பிப் பார்த்தால் போதும்.

லோடு ஏற்றும்போது தளர்ந்துவிட்டது

தை, மாசியில் கொள்முதல் நிலையங்களிலிருந்து லாரி லாரியாக மூட்டை வரும். கூட்ஸ் ஷெட்டில் ஒரே நேரத்தில் நூற்றுக்கணக்கான ஆட்கள். அந்தச் சந்தைக்குள் ஒரு கைச்சக்கரம் நீட்டிக்கொண்டிருந்தால், அது ஏறுவதற்குப் படியாகும், சட்டை மாட்ட ஆணியாகும், சாப்பாட்டுத் தூக்குக்குக் கொக்கியாகும்.

பெயர் வேண்டாம், ஒரு ஸ்டேஷனில் நடந்தது. ரேக் நாலு மீட்டர் நகர்ந்தது. நாலே மீட்டர்தான். ஆனால் நடைமேடைக்கும் வேகன் கதவுக்கும் நடுவே போட்டிருந்த பலகைகள் சறுக்கின. மூட்டையோடு வந்த ஒரு அண்ணன் கீழே விழுந்து முட்டியைப் பெயர்த்துக்கொண்டார். இறக்கத்துப் பக்கம் கைபிரேக் போட்ட வேகன்களைப் பார்த்தால், மூன்றில் கைச்சக்கரம் சுத்தமாகக் கழன்றிருந்தது. நாக்கு சரி, பல் சரி, சங்கிலி சரி. அரை நாள் மண்டையை உடைத்துக்கொண்டேன். கடைசியில் ஒரு லோடுமேன் தம்பி தயங்கித் தயங்கி வந்தான்.

"சார், தார்ப்பாய்க் கயித்தை அதுலதான் கட்டுனோம். இழுக்க இழுக்க அது சுத்துச்சு. சும்மா சுத்துற சக்கரம்னு நெனச்சோம்."

அவன் மீது எப்படிக் கோபப்படுவது? அது என்ன என்று அவனுக்கு யாருமே சொல்லவில்லை. அன்றிலிருந்து லோடு தொடங்கும் முன் மேஸ்திரியைக் கூட்டி வந்து காட்டிவிடுவேன்: இது கைபிரேக், இதைத் தொட்டால் உங்கள் ஆள்தான் பலகையிலிருந்து விழுவான். இந்த ஒரு வாக்கியம் எந்த எச்சரிக்கைப் பலகையையும் விட வேலை செய்தது. அதோடு கைச்சக்கரத்தின் ஆரங்களுக்கு நடுவே ஒரு சங்கிலியை விட்டு, வேகன் சட்டத்தோடு சேர்த்துப் பூட்டுப் போடுங்கள். சாவி ஸ்டேஷன் மாஸ்டரிடம் இருக்கட்டும். வேடிக்கை பார்க்க வரும் பிள்ளைகள் ஸ்டியரிங் ஓட்டி விளையாடுவதற்கும் அதுவே மருந்து.

இதே தலைப்பில் யாரும் கை வைக்காமலே வரும் ஒன்றும் உண்டு. காலியாக வந்து நின்றபோது போட்ட கைபிரேக், காலி வேகனுக்குப் போதும். பாக்ஸ்என் வேகன் காலியில் சுமார் 22½ டன், முழு லோடில் 81 டன். பிரேக் பிடி அதே, எடை மூன்றரை மடங்கு. பாரம் ஏற ஏற ஸ்பிரிங் அமுங்கி வேகன் உடல் தாழும், கம்பிகளின் கோணமும் கொஞ்சம் மாறும். பாதி லோடில் ஒருமுறை, முடிந்ததும் ஒருமுறை கைச்சக்கரங்களை மறுபடி இறுக்குங்கள். ஒன்றிரண்டு வேகனில் கூடுதலாகவும் போடுங்கள்.

எல்லா பிளாக்கும் கடித்திருக்கிறது, ஆனாலும் ரேக் நகர்ந்தது

கைபிரேக் பழுது இல்லை, எண்ணிக்கை பழுது. இரண்டு முனையிலும் எத்தனை வேகனில் போட வேண்டும் என்று உங்கள் துணை விதியும் ஸ்டேஷன் விதியும் சொல்கின்றன. அது குறைந்தபட்சம், உச்சவரம்பு அல்ல. இறக்கத்துப் பக்கம் எது என்று தெரியாவிட்டால் ஸ்டேஷனில் இருக்கும் வரைபடத்தைக் கேளுங்கள், கண்ணை நம்ப வேண்டாம்.

2024 பிப்ரவரி 25 அன்று ஜம்முவின் கதுவாவில் நிறுத்திய 53 வேகன் சரக்கு ரயில் ஆளில்லாமல் 70 கி.மீ.க்கு மேல் ஓடிப் பஞ்சாபில்தான் நின்றது. அங்கே நல்ல இறக்கம். நமக்கு அந்த இறக்கம் இல்லை, ஆனால் புயல்காற்று இருக்கிறது. 2023 ஜூன் 7-இல் ஒடிசாவின் ஜாஜ்பூர் சாலை ஸ்டேஷனில், மழைக்கு வேகன் அடியில் ஒதுங்கிய தொழிலாளர்கள் ஆறு பேர் இறந்தார்கள். எஞ்சின் இல்லாமல் நின்ற வேகன்களைப் புயல்காற்று தள்ளிவிட்டது.

கணக்குப் போட்டால் ஆச்சரியமில்லை. 25 டன் காலி வேகனை 400-க்கு 1 சாய்வு இழுப்பது சுமார் 62 கிலோ விசையில். 100 கி.மீ. வேகக் காற்று, ஒன்பது சதுர மீட்டர் முகப்பைத் தள்ளுவது 400 கிலோவுக்கு மேல். 2018 நவம்பரில் கஜா வந்தபோது காற்று அதைவிட அதிகம். புயல் சின்னம் என்று வானொலியில் சொன்னதுமே கைபிரேக் எண்ணிக்கையைக் கூட்டுங்கள். தண்டவாளத்தோடு சக்கரத்தைச் சேர்த்துச் சங்கிலி போட்டுப் பூட்டுங்கள், இரண்டு முனையிலும் ஆப்பு வையுங்கள். காலி மூடு வேகன்தான் பாய்மரம். லோடு வண்டியை விட அதற்குத்தான் பயப்பட வேண்டும். மழைக்கு வேகன் அடியில் யாரையும் ஒதுங்க விடாதீர்கள்.

கைபிரேக் விடவே மாட்டேன் என்கிறது

தளர்வதற்கு எதிரான கோளாறு, ஆனால் இதையும் இங்கேதான் சொல்ல வேண்டும். ஒருமுறை விடுபடாமல் வண்டி கிளம்பி, அடுத்த ஸ்டேஷனில் புகைந்து, சக்கரம் தட்டையாகி, விளக்கம் கேட்டுக் கடிதம் வாங்கியவர், அடுத்த முறை என்ன செய்வார்? அரைச் சுற்றுக் குறைத்துத்தான் இறுக்குவார். தளர்ந்த பிரேக்குகளில் பாதிக்குக் காரணம் இந்தப் பயம். அதனால் கைச்சக்கரம் விட மறுத்தால் சம்மட்டியைத் தேடாதீர்கள். எஞ்சினை மாட்டிக் காற்றுபிரேக் ஒருமுறை முழுசாகப் போடச் சொல்லுங்கள். சிலிண்டர் பாரத்தைத் தன் பக்கம் வாங்கிக்கொள்ளும், சங்கிலி தொய்யும், கைச்சக்கரம் சுலபமாகத் திரும்பும்.

கிளம்பும்போதும் வரிசை அதுதான். முதலில் எஞ்சின். பிறகு பிரேக் பைப்பில் 5 கிலோ ஏறி, கடைசி வேகன் வரை காற்று போய்ச் சேர்ந்ததைப் பார்த்து, காற்றுபிரேக்கைப் போட்டுப் பிடித்துக்கொண்ட பிறகு கைபிரேக்குகள். கடைசியாகச் சங்கிலியும் ஆப்புக்கட்டையும். எத்தனை கட்டை வைத்தோம், எத்தனை எடுத்தோம் என்று எண்ணிப் பதிவேட்டில் எழுதிய பிறகுதான் டிரெயின் மேனேஜருக்கு (முன்பு கார்டு என்றோம்) சைகை.